குறுக்கே வந்த முதுகு

பதினொரு பேரும் என்னைப் பார்த்துக் கையைத் தூக்கிக்கொண்டு கத்துகிறார்கள், நான் கொம்பையாவின் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். வியர்வையில் நனைந்து, உள்பனியன் தெரிய ஒட்டிப்போன பெரிய முதுகு. அதைத் தவிர வேறு எதையும் நான் பார்க்கவில்லை என்பதுதான் இப்போதைய நிலவரம். அதை யாரிடமும் சொல்ல முடியாது, நான் அம்பயர். நடந்தது என்ன? கொம்பையா பந்து போட்டான். ரூபன் மெல்லத் தட்டிவிட்டு ஒரு ரன்னுக்கு ஓடி வந்தான், எதிரில் நின்றவன் வேண்டாம் என்று கையைக் காட்டினான், ரூபன் பாதி வழியில் திரும்பினான், அதற்குள் கொம்பையா குனிந்து பந்தை எடுத்து ஸ்டம்பைப் பார்த்து எறிந்தான், பந்து போய் ரூபனின் முதுகில் விழுந்தது. விழுந்த சத்தம் கேட்டது. ஈரத்துணியைக் கல்லில் அடித்த மாதிரி ஒரு சத்தம். காது வேலை செய்திருக்கிறது, கண்தான் வேலை செய்யவில்லை. ரூபன் தன்பாட்டுக்குத் தன் கோட்டில் ஓடியிருந்தால், பந்து பட்டது கொம்பையாவின் கெட்ட நேரம். ஆனால் திரும்பும்போது பந்து யார் கையில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, ஸ்டம்பை மறைப்பதற்காகவே நடுவில் வந்து ஓடியிருந்தால் அவுட். அதற்கு ஒரு பெயர் இருக்கிறது, அப்ஸ்ட்ரக்டிங் த ஃபீல்ட். இத்தனை வருஷத்தில் நான் அதைக் கொடுத்ததில்லை, யாரும் கேட்டதும் இல்லை. பந்து போட்டவன் குனிந்ததுமே நான் பக்கவாட்டில் ஒதுங்கியிருக்க வேண்டும், அது அம்பயருக்கு அரிச்சுவடி. நான் ஒதுங்கவில்லை. நட்டு வைத்த கம்பம் மாதிரி நின்றேன். ஏன் நின்றேன்? மகள் தாரிணியை நினைத்துக்கொண்டிருந்தேன். தாரிணியை என்றால் தாரிணியைக்கூட இல்லை, காலையில் நான் ஷூ கயிறு கட்டும்போது அவள் சொன்னதை.

அப்ஸ்ட்ரக்ட். அம்பயர் பரீட்சைக்குப் படிக்கும்போது இந்த வார்த்தையில்தான் என் தலை கிறுகிறுத்தது. கூட்டுறவுப் பண்டகசாலையில் சர்க்கரைக்கும் பாமாயிலுக்கும் பில் போடுகிறவனுக்கு அந்த வார்த்தையோடு என்ன சங்காத்தம். தடுப்பது என்று அர்த்தம் எழுதி வைத்தேன். பிறகு தடுப்பது என்றால் கையால் தடுப்பதுபோல் இருக்கிறதே என்று அடித்துவிட்டு மறிப்பது என்று எழுதினேன். மறிப்பது என்றால் சாலை மறியல் ஞாபகம் வந்தது, கொடியோடு உட்கார்ந்து கோஷம் போடுவார்கள், அதில் சந்தேகத்துக்கே இடமில்லை. இடையூறு என்றால் பக்கத்து வீட்டு ஸ்பீக்கர். குறுக்கே நிற்பது, அது கொஞ்சம் கிட்டத்தில் வந்தது. ஆனால் குறுக்கே மாடும்தான் நிற்கிறது. பாளை பஸ் ஸ்டாண்டு முன்னால் ஒரு மாடு தினமும் நிற்கிறது, நாலு பஸ் ஹாரன் அடிக்கும், அது அசை போட்டுக்கொண்டு நிற்கும். அது அப்ஸ்ட்ரக்ட் பண்ணுகிறதா? பஸ் நிற்கத்தான் செய்கிறது, மாட்டுக்கு அதில் எந்த உத்தேசமும் இல்லை. வகுப்பு எடுத்தவர் ஒரே போடாகப் போட்டார், வேண்டுமென்றே என்ற வார்த்தை சட்டத்தில் இருக்கிறது அய்யா, அதை மறந்தால் எல்லாம் போச்சு, அவன் எங்கே நிற்கிறான் என்று பார்க்காதீர்கள், எதற்காக நிற்கிறான் என்று பாருங்கள் என்றார். எதற்காக நிற்கிறான் என்று எப்படிப் பார்ப்பது என்று நான் கேட்டேன். கண்ணால்தான் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் அன்றைக்கே அதை விட்டுவிட்டு வேறு கேள்விகளுக்குப் படித்து பாஸானேன்.

"அண்ணாச்சி, கேக்கோம்லா" என்கிறான் கொம்பையா. இப்போது திரும்பிவிட்டான், முதுகு போய் முகம் வந்திருக்கிறது, மீசையில் மண். அவன்தான் கேப்டன். சுற்றிலும் எல்லோரும் வந்துவிட்டார்கள். ரூபன் அந்தப் பக்கம் கிரீசில் மட்டையை ஊன்றி நின்று முதுகைத் தடவுகிறான். என்னைப் பார்க்கவில்லை, ஷாமியானாவைப் பார்க்கிறான். ஷாமியானாவுக்குள் மாவட்ட அணிக்கு ஆள் எடுக்க வந்த இருவர் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருவர் கைக்குட்டையை முகத்தில் போட்டுத் தூங்குகிறாரோ என்றும் சந்தேகம். மணப்பாட்டுப் பையன் ரூபன், அப்பா கடலுக்குப் போகிறவர், விடியும் முன் பஸ் ஏறி மட்டையோடு வந்து இறங்குகிறான் என்று கூட நிற்கிற அம்பயர் மைதீன் சொல்லியிருக்கிறான். வயசுக் கணக்கில் அவனுக்கு இதுதான் கடைசி வருஷம். இன்றைக்கு நன்றாக ஆடினால் அணியில் இடம், இடம் கிடைத்தால் ரயில்வேயில் விளையாட்டுக் கோட்டாவுக்கு எழுதிப் போடலாம். இப்போது அவுட் என்று விரலைத் தூக்கினால் எல்லாம் இந்த முதுகில் பட்ட பந்தோடு முடிந்தது. அதோடு அப்ஸ்ட்ரக்டிங் என்று பெயரும் சேரும், ஏமாற்றி ஆடினான் என்று ஊரெல்லாம் சொல்வார்கள். தூக்காவிட்டால் கொம்பையாவுக்கு அநியாயம். கொம்பையாவும் எனக்குப் பகையில்லை. பார்ப்போம் என்று சொல்லலாமா? வாய் வரைக்கும் வந்துவிட்டது, பார்ப்போம். நல்லவேளை, உதட்டைக் கடித்துக்கொண்டேன். அம்பயர் பார்ப்போம் என்று சொன்னால் செருப்பால் அடிப்பார்கள்.

"சாயங்காலம் அவங்க வீட்டுல இருந்து போன் பண்ணுவாங்கப்பா. ஆமாவா இல்லையா, ரெண்டுல ஒண்ணு சொல்லிருங்க. பார்ப்போம்னு மட்டும் சொல்லாதீங்க." இதுதான் தாரிணி காலையில் சொன்னது. சத்தம் போடவில்லை, மருந்துக் கடையில் வேலை பார்த்துப் பார்த்து அவளுக்கு எல்லாவற்றையும் மாத்திரை சொல்கிற மாதிரி நிதானமாகச் சொல்ல வந்துவிட்டது, சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. நான் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினேன். என் வீட்டுக்காரி பகவதிதான் அடுக்களையில் இருந்து குரல் கொடுத்தாள், "பொங்கலுக்கு முன்னால இருந்து மறிச்சுக்கிட்டு நிக்கீங்க. பிள்ளைக்கு இருவத்தேழு முடியப் போவுது." மறிச்சுக்கிட்டு. நான் எங்கே மறித்தேன்? என்றைக்காவது வேண்டாம் என்றேனா? தாரிணி கட்டிக்கொள்ள நினைக்கிற அந்தப் பையன் ஜெபசிங் வீட்டுக்கு வந்தபோது நாற்காலியை இழுத்துப் போட்டேன், மிக்சர் வைத்தேன், நாசரேத்தில் மழை உண்டா என்று கேட்டேன். அவன் மழை இல்லை அங்கிள் என்றான். மழையைப் பற்றியே அரைமணி நேரம் பேசினேன், அவனும் பாவம் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் எதற்கு வந்தான் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும். கடைசியில் எழுந்து போகும்போது வாசலில் நின்று "அப்ப..." என்று இழுத்தான். நான் பார்ப்போம் என்றேன். அதில் என்ன தப்பு? நான் என் கோட்டில்தான் ஓடுகிறேன், இவர்கள் எறிகிற பந்து என் மேல் பட்டால் நான் என்ன செய்ய முடியும்.

மைதீனிடம் போகிறேன். ஸ்கொயர் லெக்கில், ஆடுகிறவனுக்குப் பக்கவாட்டில் நிற்கிறான், என்னைவிட இருபது வயது சின்னவன், கண் கூர்மை. நடக்கும்போது வலது பாக்கெட்டில் கையை விட்டுப் புளியங்கொட்டைகளைத் தடவுகிறேன். ஒரு பந்து போட்டால் ஒரு கொட்டையை இடதில் இருந்து வலதுக்கு மாற்றுவது என் வழக்கம், பெரிய பெரிய மேட்சுகளுக்கும் அதுதான், மிஷின் எல்லாம் எனக்குச் சரிப்படாது. இந்தப் பந்துக்கு மாற்றினேனா? மாற்றினதாகத்தான் இருக்கிறது, அல்லது அதற்கு முந்தின பந்தா? நாக்கு வறளுகிறது, இது சுகரா பயமா என்று தெரியவில்லை, சுகர் வந்த பிறகு பயத்தையும் சுகரையும் பிரித்துச் சொல்ல முடிவதில்லை. தாரிணி விஷயத்தில் ஜாதி, மதம்தான் காரணம் என்று என் தம்பி நினைக்கிறான். நினைக்கட்டும். வேதக்காரப் பையன், அதனால்தான் அண்ணன் யோசிக்கிறான் என்று அவன் பெண்டாட்டியிடம் சொல்லியிருக்கிறான், எனக்கு ஆதரவாகப் பேசுவதாக அவனுக்கு எண்ணம். எனக்கு அது இல்லை. என் சிநேகிதர்களில் பாதிப்பேர் கிறிஸ்தவர்கள், கிறிஸ்துமஸுக்கு வருகிற கேக்கை வைத்து மாசக்கணக்கில் காப்பி குடிக்கிறோம். அது இல்லை என்று நான் சத்தியமே பண்ணுவேன். ஆனால் சத்தியம் பண்ணுவேன் என்று நினைக்கும்போதே அடியில் ஏதோ நெளிகிறது. அப்படியானால் எது? ஜெபசிங் பல் கட்டுகிற லேபில் வேலை பார்க்கிறான், அதுவா? நல்ல சம்பளம். மதுரைக்குக் கூட்டிப் போய்விடுவான், அதுவா? மதுரை என்ன லண்டனா. அங்கிள் என்று கூப்பிட்டானே, அதுவா? ஒரு மனுஷன் ஒரு காரியத்தை எதற்காகச் செய்கிறான் என்று அவனுக்கே தெரியாமல் இருக்குமா? இருந்தால் அது வேண்டுமென்றே செய்ததில் சேருமா சேராதா? வகுப்பில் இதைக் கேட்டிருக்க வேண்டும்.

"மைதீன், அவன் கோடு மாறுனானா? நடுவுல வந்தானா?"

"எனக்குப் பக்கவாட்டுலா அண்ணாச்சி. நான் கிரீஸத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். முன்னும் பின்னும்னா சொல்லுவேன், அங்கிட்டு இங்கிட்டு நகந்தது இங்கேருந்து தெரியாது. உங்களுக்குத்தான நேரே."

எனக்குத்தான் நேரே. ஆமாம். உலகத்திலேயே அந்த ஒரு விநாடியில் அதைப் பார்த்திருக்கக்கூடிய ஒரே ஆள் நான்தான், நான் அங்கே இல்லை. "கொம்பையா முதுகு மறைச்சுட்டுடே" என்று சொல்லிவிட்டேன். சொல்ல நினைக்கவில்லை, வந்துவிட்டது. மைதீன் என் முகத்தைப் பார்க்கிறான். அவன் பார்வையில் மரியாதை கொஞ்சம் குறைந்ததா, இல்லை வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினானா? "அப்ப சந்தேகம்தான. சந்தேகம்னா ஆடுதவனுக்குத்தான அண்ணாச்சி" என்கிறான். சந்தேகத்தின் பலன் ஆடுகிறவனுக்கு, சட்டம் அப்படித்தான், இவ்வளவு லேசான காரியத்தை நான் ஏன் இழுத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் சந்தேகம் என்பது பார்த்தவனுக்கு வர வேண்டியது. பார்க்காதவனுக்கு வந்தால் அதற்குப் பெயர் சந்தேகமா? திரும்பி நடக்கிறேன், ஏன் இவ்வளவு மெதுவாக நடக்கிறேன், காலுக்குக் கீழே மைதானம் நீண்டுகொண்டே போகிறது. நெல்லையப்பர் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களைப் பகவதிக்கு ஒருநாள் எடுத்துக்காட்டாகச் சொன்னேன். தேரை இழுப்பவர் ஆயிரம் பேர், ஆனால் சக்கரத்தில் கட்டையைக் கொடுத்து நிறுத்துகிறவன் இல்லாவிட்டால் தேர் திரும்பாது, போய்க் கடைக்குள் முட்டும், அப்பன் என்கிறவன் அந்த வேலையைத்தான் செய்கிறான் என்றேன். எனக்கே பெருமையாக இருந்தது. பகவதி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள், நிமிராமலே, "அவன் கட்டைய எடுத்துருவாம்லா" என்றாள். அன்றைக்கு முழுவதும் நான் அவளோடு பேசவில்லை.

எல்லோரும் நிற்கிறார்கள். பதினொரு பேர், ஆடுகிற இரண்டு பேர், மைதீன், ஸ்கோர் எழுதுகிறவன், ஷாமியானாவில் கைக்குட்டைக்காரர்கூட எழுந்து உட்கார்ந்துவிட்டார். பந்து நடுவில் கிடக்கிறது, ஒருவரும் எடுக்கவில்லை. ஆட்டம் நின்றுபோய் எவ்வளவு நேரம் ஆகிறது, யாரால் நின்றுபோயிருக்கிறது? கடைசி வழி ஒன்று உண்டு, கேப்டனிடம் கேட்கலாம். கேட்கிறேன்.

"கொம்பையா, அப்பீல் நிக்குதா, வாபஸ் வாங்குதியா?"

"நிக்கிது அண்ணாச்சி. அவன் என் கண்ணப் பாத்துட்டுத்தான் உள்ள வந்தான்."

கண்ணைப் பார்த்துவிட்டு. கொம்பையா பொய் சொல்கிறவன் இல்லை. ஆனால் விக்கெட் வேண்டும் என்கிறவன் எதைப் பார்த்திருந்தாலும் அப்படித்தான் பார்த்திருப்பான். ரூபனைப் பார்க்கிறேன். இப்போது அவனும் என்னைப் பார்க்கிறான், இருபது கெஜத்துக்கு அந்தப் பக்கம், ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு. கெஞ்சவில்லை. முகத்தில் ஒன்றுமே இல்லை. தாரிணி காலையில் அப்படித்தான் பார்த்தாள், இரண்டில் ஒன்று சொல், எதுவானாலும் சரி என்கிற மாதிரி. ஏன் எல்லோரும் என்னையே பார்க்கிறீர்கள், எனக்கு என்ன தெரியும். "நாட் அவுட்" என்கிறேன். குரல் நான் நினைத்ததைவிடப் பெரிசாக வருகிறது. கொம்பையா வானத்தைப் பார்த்து ஏதோ சொல்லிவிட்டுப் பந்தை எடுக்கப் போகிறான், அவனுக்குப் பின்னால் யாரோ "அண்ணாச்சிக்குக் கண்ணாடி மாத்தணும்" என்கிறார்கள், கேட்காத மாதிரி நிற்கிறேன். சரியாகச் சொல்லியிருக்கலாம். தப்பாகவும் சொல்லியிருக்கலாம். மனசு ஆறும் என்று பார்த்தேன், ஆறவில்லை.

அடுத்த பந்தில் ரூபன் ஒரு ரன் எடுத்து என் பக்கம் வந்து சேருகிறான். இனி அடுத்த ரன் வரைக்கும் என் தோளுக்குப் பக்கத்தில்தான் நிற்பான். மூச்சு வாங்குகிறான். ஏதாவது சொல்வான் என்று எனக்குத் தோன்றுகிறது, தாங்க்ஸ் அண்ணாச்சி என்பான், சொல்லாமல் இருந்தால் நல்லது, அம்பயருக்கு யாரும் தாங்க்ஸ் சொல்லக் கூடாது. கொம்பையா பந்தைத் தேய்த்துக்கொண்டு பின்னால் நடந்து போகிறான்.

"பாத்துட்டுத்தான் அண்ணாச்சி உள்ள வந்தேன்."

ரூபன் மட்டையின் நுனியைப் பார்த்துக்கொண்டு சொல்கிறான். கடல்காற்றில் பேசிப் பழகின குரல், அதை அமுக்கிக்கொண்டு பேசுவதால் கரகரவென்று வருகிறது.

"ஏம்ல எங்கிட்ட சொல்லுத? குடுத்தாச்சு, இனி ஒண்ணும் பண்ண முடியாது."

"தெரியும். யாருகிட்டயாவது சொல்லணும்லா. ஸ்டம்பு போயிரும்னு தோணிச்சு, வந்துட்டேன். ஒரு செகண்டுதான். தெரிஞ்சுதான் வந்தேன்."

கொம்பையா ஓடி வருகிறான், பந்து போகிறது, ஒன்றும் ஆகவில்லை, நான் கொட்டையை மாற்றுகிறேன். ரூபன் ஒன்றும் நடக்காதது மாதிரி இரண்டடி முன்னே போய்த் திரும்பி வருகிறான். எனக்கு அவன் மேல் கோபம் கோபமாக வருகிறது. ஏமாற்றிவிட்டான் என்பதற்கல்ல. சொல்லிவிட்டான் என்பதற்கு. ஒரு செகண்டில் செய்ததை அடுத்த பந்துக்குள் எடுத்து வெளியே போட்டுவிட்டான், இருபத்து மூன்று வயசுகூட ஆகாத பயல். தெரிஞ்சுதான் வந்தேன். எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டான். நானும் மழையைப் பற்றிக் கேட்டபோது தெரிந்துதான் கேட்டேன். ஜெபசிங் வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் மழையைக் கொண்டு வந்தேன், மழை முடிந்ததும் பஸ், பஸ் முடிந்ததும் பல் கட்டுவது எப்படி. மாடு இல்லை நான். மாடு ஹாரன் சத்தத்துக்குக் காதை ஆட்டும், நான் அதையும் ஆட்டவில்லை. பயமாக இருக்கிறது. இவ்வளவு நாள் இது பயம் என்றே எனக்குத் தெரியவில்லை, பொறுமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், பெரிய மனுஷத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

டீ இடைவேளை. வடையும் டீயும் நீட்டுகிறார்கள், வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, ஸ்கோர் எழுதுகிறவனிடம் கொடுத்து வைத்திருந்த போனை வாங்கிக்கொண்டு சைட் ஸ்கிரீனுக்குப் பின்னால் போகிறேன். என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்குத் தெரியாது. ஆமாம் என்று சொல்லிவிட்டால் எல்லோருக்கும் சந்தோஷம், நானும் நல்ல அப்பன், இந்த வயித்தெரிச்சலும் தீரும். ஆமாம் என்று சொல்லிப் பார்க்கிறேன், வாயில் நிற்க மாட்டேன் என்கிறது. வீட்டுக்குப் போன் போடுகிறேன், மணி அடிக்கிறது. தாரிணிதான் எடுக்கிறாள்.

"என்னப்பா, மேட்ச் முடிஞ்சுட்டா?"

"இல்லம்மா. டீ டைம்." அவளுக்குப் பின்னால் மிக்ஸி ஓடுகிறது. "அந்த விஷயம். எனக்கு அதுல இஷ்டம் இல்லம்மா."

மிக்ஸி நிற்கிறது. அவள் நிறுத்தினாளா பகவதி நிறுத்தினாளா தெரியவில்லை.

"ஏம்ப்பா?"

"ஏன்னு எனக்கே சரியாத் தெரியல. ஜாதியா மதமான்னு கேட்டா இல்லன்னுதான் சொல்லுவேன், அது நெசமான்னும் தெரியல. நீ போயிருவன்னு இருக்கலாம். எதுவோ. இஷ்டம் இல்ல. பார்ப்போம் பார்ப்போம்னு சொன்னது அத்தனையும் பொய்யி."

அழப் போகிறாள் என்று நினைக்கிறேன். அழுதால் என்ன சொல்வது என்று தேடுகிறேன், சைட் ஸ்கிரீனின் வெள்ளைத் துணி காற்றில் என் முகத்தில் வந்து அடிக்கிறது. அந்தப் பக்கத்தில் அவள் மூச்சு விடுவது கேட்கிறது. நீளமாக, சுமையைக் கீழே வைத்தவள் விடுவதுபோல.

"சரிப்பா."

"சரின்னா?"

"இஷ்டமில்லன்னு சொல்லிட்டீங்கல்லா. அது போதும். பார்ப்போம்னு சொல்லிக்கிட்டு இருக்க ஆள நான் எப்படிப்பா தாண்டிப் போவேன்? இனிப் போயிருவேன்."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. நான் போனைக் காதோடு பிடித்துக்கொண்டு நிற்கிறேன், அவளும் வைக்கவில்லை. மைதீன் ஷாமியானா பக்கமிருந்து கையை ஆட்டிக் கூப்பிடுகிறான். எல்லோரும் மைதானத்தில் இறங்கிவிட்டார்கள், நான் போனால்தான் ஆட்டம் தொடங்கும்.